கரையில் நிற்பவர் கயிற்றை இழுக்கக் கூடாது

லங்காவித் தீவு, மலேசியா
3 நவம்பர் 2024

தனுஜா அப்பாவுக்கு,

கோபத்தோடுதான் இந்த உறையைப் பிரிப்பீர்கள் என்று தெரியும். பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடக் கூடாது என்றுதான் லாபிர் நானா கடை முகவரிக்கு அனுப்பினேன். அவர் கண் முன்னால் கிழித்தால் நோர்வூட் டவுன் முழுக்கக் கதை பரவும் என்ற பயமாவது உங்களுக்கு இருக்குமே.

"நீ தரையில கால வைக்கிற வரைக்கும் ஒங்கூட போன்ல பேச மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சரி. போனில்தானே பேச மாட்டீர்கள்? கடிதம் வாசிக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால் எழுதுகிறேன்.

நான் சமைக்க வந்த வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாய்மரப் படகில் குடியேறுவார்கள் என்று நான் என்ன கனவா கண்டேன்? "கூட வர்றியா, இல்ல இலங்கைக்கு அனுப்பி வைக்கவா" என்று மேடம் கேட்டார். வருகிறேன் என்றேன். உங்களிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. காசல்ரீ நீர்த்தேக்கம் உங்கள் தம்பி மூக்கனைக் கொண்டுபோன நாளிலிருந்து உங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் கண்டாலும் ஆகாது என்பது எனக்குத் தெரியாதா?

அதை விடுங்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை இந்தத் தீவின் படகுத்துறைக்குள் நுழைந்தோம். மரீனா என்கிறார்கள். கடலிலிருந்து கல் அணை ஒன்றைச் சுற்றி உள்ளே திரும்பினால், அம்மாடி! இலை உதிர்ந்த யூக்கலிப்டஸ் தோப்பு ஒன்று தண்ணீரில் நிற்கிறது. எல்லாம் பாய்மரக் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் கயிறு காற்றில் மோதி டிங் டிங் என்கிறது. வெளியே அவ்வளவு நேரம் எங்களைத் தூக்கிப் போட்ட கடல், உள்ளே வந்ததும் தூங்குகிற பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உலகத்தில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறது, அதற்குள் நாகலெட்சுமி வந்து நிற்கிறாளே என்றிருந்தது.

படகை ஓட்டுவது இங்ரிட் மேடம். நோர்வேக்காரர், என் தோள் உயரம்தான் இருப்பார், ஆனால் அவர்தான் கேப்டன். அவர் புருஷன் பீட்டர் ஐயாவுக்கு முழங்கால் வலி, எழும்பி ஓட முடியாது. கயிறு என் வேலை. இரண்டு படகுகளுக்கு நடுவே உங்கள் லொறியை நிறுத்துகிற அளவு இடம், அதன் ஓரமாக மிதக்கிற மேடை. நான் கயிற்றோடு படகின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மேடம் சொல்லும்போது மேடையில் இறங்கி, அங்கே இருக்கிற இரும்புக் கொம்பில் சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மேடையில் ஒருவர் வந்து நின்றார். நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, அரைக்காற்சட்டை, முழங்கால் வரை சொக்ஸ். நம் தோட்டத்துப் பெரிய துரை, காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு வந்து நின்ற மாதிரியே இருந்தது. கையை நீட்டி "த்ரோ! த்ரோ!" என்று அதட்டினார். மலையில் கொழுந்து எடுக்கும்போது மேல் ரோட்டிலிருந்து வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா கையை நீட்டினால், எந்தத் தேயிலை நெரை, எதுக்கு என்று கேட்காமல் போய் நிற்கிற கால் அல்லவா என்னுடையது? மேடம் ஏதோ கத்தினார், அது காதிலேயே விழவில்லை. கயிற்றை வீசிவிட்டேன்.

அவர் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். முன்பக்கம் மேடையில் மோதியது. பின்பக்கம் வெளியே வீசிப் பக்கத்துப் படகில் உரசியது. எங்கள் படகின் கைப்பிடிக் கம்பி வளைந்துவிட்டது, அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது.

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். மேடம் என்ன செய்தார் தெரியுமா? அவரே தேத்தண்ணி போட்டு எனக்குக் கொண்டுவந்து தந்தார். "அந்த ஆள் யாருன்னு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டார். மரீனாவின் பெரியவர் என்றேன். "அவரு யாருமில்ல. அந்தப் பக்கத்துப் படகுக்கு விருந்தாளியா வந்தவரு. காலைச் சாப்பாட்டுக்குப் போற வழியில நின்னாரு" என்றார். பிறகு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். கரையில் நிற்கிறவர் யாராக இருந்தாலும், ராஜாவாக இருந்தாலும், எனக்கு உத்தரவு போட அவருக்கு உரிமை இல்லையாம். அவருக்குப் படகின் கனமும் தெரியாது, காற்றும் தெரியாது. நான் பார்க்க வேண்டியது மேடத்தின் முகத்தை மட்டும்.

இதுவரை யாரும் என்னிடம் "அவர் சொல்லைக் கேட்காதே" என்று சொன்னதில்லை. நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

கம்பியைச் சரிசெய்யும் வரை இங்கேதான் இருப்போம். மரீனா அலுவலகத்தில் ஷாமிலா என்று ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள். அவள் பெயருக்கு எழுதினால் எனக்குத் தருவாள். முகவரி பின்பக்கம். திட்டியாவது எழுதுங்கள்.

லெட்சுமி


கீழ்க்கணக்கு, நோர்வூட்
24 நவம்பர் 2024

லெட்சுமிக்கு,

திட்டியாவது எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

லாபிர் நானா கடிதத்தைக் கையில் தரும்போதே "செல்லசாமி, படகுக்கார வீட்டம்மா எப்பிடி?" என்று கேட்டார். கடையில் பாண் வாங்க வந்த பத்துப் பேர் சிரித்தார்கள். நல்லா இருக்கு உன் வேலை. நான் ஹட்டன் வரைக்கும் தலை நிமிர்ந்து லொறி ஓட்டினவன்.

நீ எழுதியதில் ஓர் இடத்தில் கூட பிரேக் என்ற சொல் இல்லை. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். தனுஜாவைக் கேட்டேன், அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "படகுக்கு பிரேக் கெடையாதுப்பா" என்கிறாள். பிரேக் இல்லாத வண்டி! அதில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தொங்குகிறவள் என் பெண்டாட்டி! அந்த நோர்வே அம்மாவுக்கு லைசன்ஸ் கொடுத்தவன் யார்?

மூக்கனைப் பற்றி எழுதியிருக்கிறாய். நீ அவனைப் பார்த்ததே இல்லை. காசல்ரீயில் குளிக்கப் போனவன் சேர்ட்டைக் கழற்றி மடித்துக் கரையில் வைத்துவிட்டுப் போனான். மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் லொறி திரும்பினால் கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்துத்தான் ஓட்டுவேன். கிளீனர் வீரய்யாவுக்கு இது தெரியும், அந்த வளைவில் அவன் பேச மாட்டான். தண்ணீருக்கு வஞ்சகம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

படகு பெப்ரவரியில் நம் காலித் துறைமுகத்துக்கு வரும் என்று தனுஜா சொல்கிறாள். அங்கே இறங்கிவிடு. நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு மேல் ஓர் அடி தண்ணீரில் போனாயென்றால் நீ யாரோ, நான் யாரோ. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்தத் தொப்பிக்காரன் மேல் மட்டும் எனக்கும் ஆத்திரம்தான். சாப்பிடப் போகிறவனுக்கு அடுத்தவன் கயிற்றில் என்ன வேலை?

செல்லசாமி


புக்கெட், தாய்லாந்து
29 டிசம்பர் 2024

தனுஜா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஷாமிலா ஓடிவந்து தந்தாள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தேன். "நீ யாரோ, நான் யாரோ" என்ற இடத்தில் கொஞ்சம் அழுதேன். பிறகு அந்தத் தொப்பிக்காரனைத் திட்டிய இடம் வந்ததும் சிரித்துவிட்டேன். அப்போ முழுக்கவும் விட்டுப் போகவில்லை, இல்லையா?

உங்களுக்குப் பயம் என்று எழுதியிருந்தால் நான் என்ன கேலியா செய்யப் போகிறேன்? எனக்கும் பயம்தான். புறப்பட்ட இரண்டாம் நாள் அலையைப் பார்த்துவிட்டு வாய் ஓயாமல் முனியாண்டி சாமியைக் கூப்பிட்டேன். பீட்டர் ஐயா அது யார் என்று கேட்டார். எங்கள் தோட்டத்து ஆள் என்று சொல்லிவைத்தேன்.

பிரேக் இல்லை என்பது நிஜம். அதற்குப் பதில் ஒரு வித்தை இருக்கிறது, கேளுங்கள். லங்காவியில் கம்பி சரியாகும் வரை மேடம் என்னை விடவில்லை. வெளியே போவது, உள்ளே வருவது, திரும்ப வெளியே போவது. அந்த மேடைக்கே எங்களைப் பார்த்து அலுத்திருக்கும். படகின் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. அதை மட்டும் மேடையின் கொம்பில் சுற்றிப் பிடித்தால் போதும். யாரும் இழுக்கக் கூடாது. மேடம் எஞ்சினை மெல்ல முன்னால் கொடுப்பார். முன்னால் போகப் பார்க்கும் படகைக் கயிறு விடாது. போக வழியில்லாமல் அது தானாகப் பக்கவாட்டில் வந்து மேடையோடு ஒட்டிக்கொள்ளும். பத்து டன் படகு, தனுஜா அப்பா! குழந்தை தாய் மடியில் சாய்கிற மாதிரி வந்து சாய்கிறது. முதல் தடவை அது சரியாக வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் கையில் பிடித்திருந்தது ஒரு கயிறுதான். இழுக்கவே இல்லை. சும்மா பிடித்திருந்தேன்.

இனி இந்த ஊர் மரீனா. இப்படி ஒன்றை நீங்கள் நம்ப மாட்டீர்கள். உள்ளே வர ஒரு கால்வாய்தான் வழி. இரண்டு பக்கமும் கம்பு நட்டிருக்கிறது. கம்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் சேறு. கடல் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் வர முடியும். மேடம் முகம் வெளிறிப் போயிருந்தது. அவரும் இதற்கு முன் வந்ததில்லை. ஆழம் காட்டுகிற பெட்டியை பீட்டர் ஐயா வாசித்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கம்பைத் தாண்டித் திரும்பினால் கண்ணாடி மாதிரி ஒரு குளம். சுற்றிலும் படகுகள், அவற்றுக்குப் பின்னால் பச்சை மலை. நம் மலை மாதிரியேதான், தேயிலைதான் இல்லை.

இங்கேயும் மேடையில் ஓர் ஆள் வந்து கையை நீட்டினார். பாவம், உதவி செய்யத்தான் வந்திருப்பார். கை என்னை அறியாமல் கயிற்றை வீச எழும்பிவிட்டது. பழக்கம் லேசில் விடுமா? எழும்பிய கையை மறு கையால் பிடித்துக்கொண்டு மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தபோது நானே இறங்கிச் சுற்றினேன். படகு வந்து சாய்ந்தது. ஒரு முட்டை நடுவில் இருந்திருந்தாலும் உடைந்திருக்காது. அந்த மனிதர் கை தட்டினார்!

இன்னொன்று. காலையில் கரைக்குப் போக ஓர் இரும்புப் பாலத்தில் ஏற வேண்டியிருந்தது. நம் லயத்து வீடுகளுக்கு மேலே கோயிலுக்குப் போகிற ஏற்றம் மாதிரி செங்குத்தாக இருந்தது. மதியம் திரும்பி வந்தால் அதே பாலம் சமதரையாகக் கிடக்கிறது. எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று பயந்துபோனேன். கடல் ஏறும்போது மேடை, படகு, மேலே நிற்கிற ஆட்கள், நாய், பூந்தொட்டி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறதாம். ஒரு சொட்டுத் தேத்தண்ணி கோப்பையிலிருந்து சிந்துவதில்லை. அன்றைக்கு முழுக்க அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மீனைக் கழுவாமல் விட்டதற்கு மேடத்திடம் ஏச்சு வாங்கினேன்.

சொல்ல வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். காலியிலிருந்து மாலைதீவு, அங்கிருந்து ஓமான் போகிறார்கள். பீட்டர் ஐயாவால் இனிமேல் கயிற்றோடு குதிக்க முடியாது. நான் இல்லையென்றால் காலியோடு பயணம் முடிந்தது என்று மேடம் சொல்கிறார். "நீ முடிவு பண்ணு" என்றார். நான் உங்களைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன். ஆனால் எனக்குப் போக ஆசை. ஆசை இல்லை என்று எழுதினால் அது பொய்.

லெட்சுமி


கீழ்க்கணக்கு, நோர்வூட்
16 ஜனவரி 2025

லெட்சுமிக்கு,

பொங்கலுக்கு நீ இல்லை. தனுஜா பொங்கினாள், அடி பிடித்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

நீ எழுதிய அந்தக் கயிற்று வித்தையை வாசித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வீரய்யாவிடம் சொன்னேன். "சும்மா கதை வுடுறாங்க, இழுக்காம எப்பிடி ஒட்டும்?" என்றான். தேத்தண்ணிக் கோப்பையை வைத்து, நூலைக் கட்டி, மேசையில் செய்து பார்த்தோம். ஒட்டுகிறது! நானும் வீரய்யாவும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். லாபிர் நானா வந்து இன்னொரு தடவை செய்யச் சொன்னார். கடைசியில் கோப்பை உடைந்ததுதான் மிச்சம்.

சுக்கான் பின்பக்கம் என்றால் திரும்பும்போது வாலும் வீசுமே, கொழுந்து லொறியை ரிவர்ஸில் கொண்டுபோகிற மாதிரி? அப்போ அந்த அம்மா எப்பவும் வாலை நினைத்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். லேசான வேலை இல்லை. இதை நான் பாராட்டாக எழுதவில்லை.

போன கிழமை ஒன்று நடந்தது. உன் கடிதத்தின் வினைதான். கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு லொறியை ரிவர்ஸில் இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வீரய்யா நின்று கை காட்டுகிறான். மேல் ரோட்டிலிருந்து கண்டாக்கு "வா வா, இன்னும் வா" என்று கத்துகிறார். வீரய்யா நிறுத்து என்கிறான், நான் கண்டாக்கின் கையைப் பார்த்து வந்தேன். பின்சில்லு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஓட்டுகிறேன், இப்படி நடந்ததில்லை. கண்டாக்கு மேலே நின்று தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார். இழுத்து எடுக்க டிராக்டர் வர வேண்டியதாயிற்று. கானில் நிற்கும்போது எனக்கு நீ ஞாபகத்தில் வந்தாய். அது எரிச்சலாக இருந்தது.

ஆசை என்று எழுதியிருக்கிறாய். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நீ ஒன்றைக் கேட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஒரு சேலையைக் கூட எந்த நிறம் என்று கேட்டால் "ஒங்களுக்குப் புடிச்சத எடுங்க" என்பாய். இப்போது கேட்பதைப் பார், கடல்!

என் பேச்சில் மாற்றமில்லை. காலியில் இறங்கு.

செல்லசாமி


புக்கெட்
27 ஜனவரி 2025

தனுஜா அப்பாவுக்கு,

கோப்பை நூல் விஷயத்தை மேடத்திடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து, உங்கள் வீரய்யாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். வாலைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அது சரிதானாம், எப்போதும் வால்தான் அவர் கவலையாம்.

அடுத்த மாதம் நடுவில் புறப்படுகிறோம். இடையில் கரை கிடையாது. ஒரேயடியாகக் காலி. காற்று பின்னாலிருந்து வீசுகிற மாதம், நல்ல பயணம் என்கிறார்கள். சரியான நாளைத் தனுஜாவுக்குச் செய்தி அனுப்புவேன். துறைமுகத்துக்குள் வர எங்கள் படகின் ஏஜெண்ட் பாஸ் எடுத்துத் தருவார். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

காலியில் இந்த மாதிரி மிதக்கிற மேடையெல்லாம் எங்களுக்குக் கிடைக்குமோ தெரியாது, கல் சுவரில்தான் கட்ட வேண்டியிருக்கும் என்று மேடம் சொல்கிறார். சுவர் உயரம், நான் குதித்து ஏற முடியாது. மேலே ஒருவர் கயிற்றை வாங்க வேண்டும்.

நீங்கள் வாங்குங்கள்.

தண்ணீர் ஓரம் என்று தெரியும். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்றும் தெரியும். வர முடியாவிட்டால் கேட்டுக்கு வெளியே நில்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன். ஆனால் வந்தால் ஒன்றே ஒன்று. நான் வீசும் கயிற்றைச் சுவர் மேல் நட்டிருக்கிற கல்லில் ஒரு சுற்றுப் போட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இழுக்கக் கூடாது. படகு தூரத்தில் நிற்கிறதே, பெண்டாட்டி வந்துவிட்டாளே என்று இழுக்கத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றுமாம். இழுத்தால் படகின் மூக்கு சுவரில் மோதும். நான் சொல்கிற வரைக்கும் சும்மா பிடித்திருங்கள்.

லெட்சுமி


கீழ்க்கணக்கு
5 பெப்ரவரி 2025

லெட்சுமிக்கு,

காலிக்கு வருகிறேன். கயிறு பிடிக்க அல்ல, உன்னைக் கூட்டிக்கொண்டு வர.

இதைப் புறப்படுவதற்கு முன்னால் வாசித்துவிடுவாய் என்று நினைக்கிறேன்.

செல்லசாமி


கீழ்க்கணக்கு, நோர்வூட்
2 மார்ச் 2025

லெட்சுமி,

மாலைதீவு ஏஜெண்ட் முகவரிக்கு இது போய்ச் சேருமோ என்னவோ. சேரும் என்றே எழுதுகிறேன். காலியில் நின்று பேச வேண்டியதை அங்கே பேச எனக்கு வாய் வரவில்லை. நான்கு நாள் கூட இருந்தும் பருப்பு விலையும் தனுஜாவின் கணக்குப் பாடமும்தான் பேசினேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

வருகிற வழியில், காசல்ரீ வளைவில், பஸ் கண்ணாடியை இறக்கிவிட்டேன். வேண்டுமென்றே செய்தேன். காலியில் முழுக் கடலையும் பார்க்கப் போகிறவன் இதைப் பார்க்காமல் போனால் எப்படி என்று ஒரு வீம்பு. பார்த்தேன். மூக்கனுக்கு ஒரு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்று கேட்காதே.

துறைமுகத்து வாசலில் பாஸைக் காட்டிச் சிங்களத்தில் பேசி உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். ஓரம் என்றால் ஓரமில்லை, ஒரு லொறி நீளம் தள்ளி. வெயில் உச்சிக்கு ஏறியது. ஒன்றும் இல்லை. பிறகு அணைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கம்பம் மட்டும் தெரிந்தது. படகு தெரியவில்லை, கம்பம் மட்டும் நகர்ந்து வந்தது. அத்தனை பெரிய கடலில் இருந்து, ஒரு ரோடு இல்லை, ஒரு மைல் கட்டைக் கல் இல்லை, நேரே என்னிடம் வந்தது. எப்படி லெட்சுமி? உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்த வாசலை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கூப்பினேன். பக்கத்தில் நின்றவன் பார்த்தான், பார்த்தால் பார்க்கட்டும்.

நீ நடுவில் நின்றாய். கறுத்துப் போயிருந்தாய். எலும்பும் தெரிந்தது. ஆனால் நிற்கிற விதம் வேறாக இருந்தது. மலையில் கூடையோடு நிற்கும்போது உன் கண் எப்போதும் மேல் ரோட்டைப் பார்த்து யார் வருகிறார்கள் என்று தேடும். இங்கே உன் கண் ஓரிடத்தில் இருந்தது. அந்தச் சின்ன அம்மாவின் முகத்தில்.

என் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். "லணுவ தாண்ட! மெஹாட்ட தாண்ட!" கயிற்றை இங்கே போடு என்று அவர் கத்திய கத்தில் எனக்கே கை எழும்பியது. நீ திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. அவர் இல்லாத மாதிரி நின்றாய். எனக்கு முதலில் பயமாக இருந்தது, பெரிய மனுஷன் மாதிரி இருக்கிறாரே, ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று. அவர் கையை இறக்கிக்கொண்டார். அவ்வளவுதானா என்று எனக்கு ஆகிவிட்டது.

அப்புறம் நீ என்னைப் பார்த்தாய். "தனுஜா அப்பா! முன்னுக்கு வாங்க!" என்று கத்தினாய். கல்யாணம் முடித்ததிலிருந்து நீ அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டதில்லை. கால் தானாக ஓரத்துக்குப் போனது. கீழே தண்ணீர் கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது. கயிறு பறந்து வந்து என் மார்பில் விழுந்தது. ஒரு சுற்றுப் போட்டேன். நுனியைப் பிடித்தேன்.

உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்தக் கயிறு கையில் வந்ததும் அதன் மறுமுனையில் நீ இருக்கிறாய் என்று தெரிந்தது. முழுப் படகும், நீயும், எல்லாம் என் கையில். இழுத்தால் வந்துவிடும். மூக்கனுக்கு அப்படி ஒரு கயிறு என் கையில் இருந்திருந்தால் நான் எப்படி இழுத்திருப்பேன்! என் உடம்பு முழுக்க இழு இழு என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ, "இழுக்காதீங்க, சும்மா புடிங்க, சும்மா புடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். பிறகு அந்த அம்மா எஞ்சினைக் கொடுத்தார். கயிறு விறைத்தது. நான் எதுவும் செய்யவில்லை. அவ்வளவு பெரிய படகு, ஒரு சத்தம் இல்லாமல், பக்கவாட்டில் நகர்ந்து வந்து என் காலடியில் நின்றது.

கோப்பையில் பார்த்தது வேறு, இது வேறு. நான் கோயில் தேர் நிலைக்கு வருவதைப் பார்த்து அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

என் பையில் உன் ஸ்வெட்டரும் மூடு செருப்பும் இருந்தன. பஸ் ஹட்டனுக்கு ஏறும்போது உனக்குக் குளிருமே என்று கொண்டுவந்தவை. கடைசி நாள் நீ பையைப் பார்த்துவிட்டு "இது எதுக்குங்க?" என்று கேட்டாய். "கடல்ல குளிரும்ல" என்று சொல்லித் தந்துவிட்டேன். நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

திரும்பி வந்து லாபிர் நானா கடையில் இறங்கியபோது "எங்க வீட்டம்மா?" என்று கேட்டார். "வேலை இருக்கு, ஓமான் முடிச்சுட்டு வருவா" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. வீரய்யா மட்டும் கேட்டான், அந்தக் கயிறு நிஜமாகவே இழுக்காமல் ஒட்டியதா என்று. இப்போது ஊரே என்னிடம் அந்தக் கதையைக் கேட்கிறது. சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இனி போன் அடித்தால் எடுப்பேன். கடிதமும் எழுது.

மாலைதீவில் கரையில் யார் நிற்பார்களோ தெரியாது. எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், எவ்வளவு பெரிய தொப்பி போட்டிருந்தாலும், கயிற்றைக் கொடுக்கும்போது சொல்லிவிடு. என் புருஷனே இழுக்கவில்லை, நீயும் இழுக்காதே என்று சொல்.

செல்லசாமி